வார்ப்பும் குழாயும் ஒட்டிக்கொண்ட கதை

அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் ‘தொடாதே அக்கா’. பசை அறைப் பக்கம் யார் தலை தெரிந்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறவருக்கும் அதே பதில். ஒரு தடவை முதலாளியே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, மேசையில் வரிசையாக இருந்த வார்ப்புகளில் ஒன்றை எடுத்துக் காட்டக் கை நீட்டினார். “தொடாதே!” என்று அலறினாள். அப்புறம்தான் நிமிர்ந்து யாரென்று பார்த்தாள். கொஞ்சம் இறங்கிய குரலில், “முதலாளின்னா கையில எண்ணெய் இருக்காதா என்ன?” என்றாள். விருந்தாளிகள் சிரித்தார்கள். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்து வைத்தார்.

அந்தப் பட்டறையில் செய்தது ஆம்புலன்ஸ் வண்டிகளில் வைக்கும் ஸ்ட்ரெச்சர். நான்கு பக்கமும் அலுமினியக் குழாய், நான்கு மூலைக்கும் உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த நான்கு வார்ப்பு. ஒவ்வொரு மூலை வார்ப்பிலும் இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பசை தடவிக் குழாய்க்குள் செருகிவிட வேண்டும். வெல்டிங் செய்தால் சூட்டில் குழாய் பலம் குறையும், சட்டம் கோணிக்கொள்ளும். அதனால்தான் பசை. ஒரு நோயாளியின் உடம்பு முழுக்க அந்தப் பசையை நம்பித்தான் மேலே படுத்திருக்கும்.

பசையைத் தடவினால் ஒட்டிக்கொள்ளப் போகிறது, இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு நாள் அந்த அறையில் உட்கார வைக்க வேண்டும். வார்ப்பு என்பது பார்க்கத்தான் திடமான பொருள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளை. கடைசல் இயந்திரத்தில் போட்டுச் சீவும்போது ஊற்றுகிற எண்ணெயை எல்லாம் அது சத்தமில்லாமல் குடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் துடைத்தால், சுத்தமாகிவிட்டேன் என்று நல்ல பிள்ளையாக முகம் காட்டும். சூடு பட்டதும் உள்ளே இருந்தது அத்தனையும் வியர்வை மாதிரி மேலே வரும். பசை பிடிப்பது வார்ப்பை அல்ல, அந்த எண்ணெயை. எண்ணெயைப் பிடித்துக்கொண்டு யாரால் தொங்க முடியும்?

அதனால் தொடாதே அக்கா ஒவ்வொரு வார்ப்பையும் முதலில் எண்ணெய் போக்கும் கரைப்பானில் நனைத்த துணியால் துடைப்பாள். அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைப்பாள். காயவிட்டால் அழுக்கு இருந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்துவிடும். பிறகு அடுப்புப் பெட்டியில் வைத்துச் சூடேற்றுவாள், வியர்க்க வைப்பாள், மறுபடி துடைப்பாள். இப்படி மூன்று முறை. அதன் பிறகு காற்றோடு கரடு மணலைப் பீய்ச்சும் பெட்டிக்குள் கையை விட்டு முளையின் பளபளப்பைப் போக்கிச் சொரசொரப்பாக்குவாள். தூசியை ஊதுவாள். கடைசியில் சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்பாள். தண்ணீர் கண்ணாடித் தாள் மாதிரி அறுபடாமல் பரவி நின்றால் வார்ப்பு தேறியது. எங்கேயாவது சொட்டாகத் திரண்டு உருண்டால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று பொருள், திரும்ப முதலிலிருந்து ஆரம்பம். தேறியதை உலர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் பசை தடவி ஒட்டிவிட வேண்டும். இடையில் யாராவது விரல் வைத்தால் அத்தனை பாடும் வீண். அவள் கத்துவதில் என்ன தப்பு?

இதையெல்லாம் அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டறைக்கு வந்தது கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு. அவள் ‘தம்பி’ என்று கூப்பிடும் இன்ஜினியர் அப்போது புதுசு. பசையை ஒட்ட வைக்கத் தலைகீழாக நின்று முயன்றுகொண்டிருந்தான். அவன் ஒட்டுவதெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று அவன் வேலை செய்வதை முழுசாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “தம்பி, தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு சுத்தம் பண்ணிட்டு, டிபன் டப்பாவ மூடின கையால அதத் தூக்கறீங்களே? ஆஸ்பத்திரியில இப்படிப் பண்ணா ஆளு பொழைக்கவே மாட்டாங்க” என்றாள். அவன் தன் விரல்களைப் பார்த்தான். விரல்கள் மினுமினுத்தன. மறு வாரம் துடைப்பம் வேறு ஒருவர் கைக்குப் போய், பசை அறைச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. ஆறு வருஷமாக அந்தச் சாவி அங்கேதான் இருக்கிறது.

அந்த அறை அவளுக்கு உயிர். வெள்ளைச் சுவர், இரண்டு மேசை, ஒரு அடுப்புப் பெட்டி, ஒரு சன்னல். வீட்டில்கூட அவளுக்கென்று இப்படி ஓர் இடம் இருந்ததில்லை. காலையில் கதவைத் திறந்ததும் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுப் பார்ப்பாள். யாரும் இல்லாத நேரத்தில் பாட்டுக்கூடப் பாடுவாள். குரல் சுமார்தான், ஆனால் வார்ப்புகள் குறை சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஆம்புலன்ஸ் கட்டுகிற ஒரு நிறுவனம் எண்ணூறு ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்றது, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது. ஐந்து மூலை இணைப்புகளை அவர்கள் கண் முன்னால் இயந்திரத்தில் மாட்டி இழுக்க வேண்டும், ஒவ்வொன்றும் இரண்டு டன் தாங்க வேண்டும். “நம்ம இணைப்பு மூணு டன்னுக்கே அசையாது, இதெல்லாம் ஒரு பரீட்சையா?” என்றாள் அக்கா. இன்ஜினியர் தம்பியும் ஆமாம் என்று தலையாட்டினான்.

பரீட்சை நாளில் நிறுவனத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். இயந்திரம் முதல் இணைப்பை இழுத்தது. முள் எண்ணூறு கிலோவைத் தாண்டவில்லை. ‘டப்’ என்று ஒரு சத்தம். முளை குழாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாவது எழுநூறு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எதுவும் ஆயிரத்தைத் தொடவில்லை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கழன்று வந்த முளையை எடுத்துப் பார்த்தாள். பசை அத்தனையும் குழாயோடு தங்கிவிட்டிருந்தது. வார்ப்பில் ஒரு துளி கிடையாது, கழுவி வைத்த மாதிரி இருந்தது. பசை நடுவில் கிழிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது பசை வார்ப்பைப் பிடிக்கவே இல்லை என்பதற்குச் சாட்சி. அதாவது அவள் வேலைதான் தோற்றது.

அதிகாரி அம்மாள் நல்ல மனுஷி. முகம் சுளிக்காமல், “பத்து நாள் கழிச்சு மறுபடி வரேன். அப்பவும் இப்படின்னா நாங்க வெல்டிங்காரங்ககிட்டதான் போகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அவ்வளவு நயமாகச் சொல்லவில்லை. “அடுத்த தடவையும் ஊத்திக்கிச்சுன்னா இந்த ரூமக் காலி பண்ணி ரெண்டு வெல்டிங் மேசை போட்டுடறேன்” என்றார். அக்காவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. துடைப்பம் மூலையில்தான் இருந்தது. பெருக்குவதை அவள் கேவலமாக நினைத்ததில்லை. ஆனால் அந்தச் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெருக்குவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

துக்கம் அவளிடம் அரை மணி நேரம்கூடத் தங்காது, கோபமாகிவிடும். அந்தக் கோபத்தோடு நேராக வளாகத்தின் பின்பக்கம் இருந்த வார்ப்புக் கொட்டகைக்குப் போனாள். அங்கே உலைக்குப் பொறுப்பாக இருந்தவர் வேறு யாரும் இல்லை, அவளுடைய சம்பந்தி. அவள் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தாள். கொட்டகைக்கும் பசை அறைக்கும் நூறு அடிதான் தூரம், ஆனாலும் இருவரும் பேசிக்கொள்ளும் மரியாதையைப் பார்த்தால் இரண்டு நாட்டுத் தூதர்கள் என்று தோன்றும்.

“வணக்கம் சம்பந்தி. அச்சுல வார்ப்பு ஒட்டாம இருக்க ஏதோ தெளிப்பீங்களே, அத மாத்திட்டீங்களாமே?”

“வாங்க சம்பந்தி. இருபது வருஷமா அதே தெளிப்புதான். யாரு சொன்னா மாத்திட்டேன்னு?”

“யாரும் சொல்லல. என் வேலைல தப்பில்ல, அப்ப வார்ப்புலதான இருக்கணும்?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “என் வார்ப்பு சுத்தம் சம்பந்தி. பொண்ணு கொடுக்கும்போது என் பையனப் பத்தி நாலு பேருகிட்ட விசாரிச்சீங்க இல்ல? அதே மாதிரி என் வார்ப்பப் பத்தியும் விசாரிச்சுக்குங்க.”

“பையனப் பத்தி விசாரிச்சேன். அப்பாவப் பத்தி விசாரிக்காம விட்டதுதான் தப்பு!”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். கொட்டகையில் இருந்த ஆறு பேரும் கேட்டார்கள். சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயங்காலம் மகள் போனில் கூப்பிட்டாள். “அம்மா, மாமா சாப்பிடாமயே போய்ப் படுத்துட்டாரு. என்னத்தச் சொல்லித் தொலைச்ச?” என்று கேட்டாள். அக்கா ஒன்றுமில்லை என்று மழுப்பிவிட்டு, தானும் சாப்பிடாமல் படுத்தாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். கரைப்பானை மாற்றினாள், மணலை மாற்றினாள், ஐந்து முறை வியர்க்க வைத்தாள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கண்ணாடித் தாள்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஒட்டி இழுத்தால் வழுக்கிக்கொண்டுதான் வந்தது. இன்ஜினியர் தம்பி பசையில்தான் கோளாறு என்றான், புதுப் பசைக்கு எழுதிப் போட்டான். அதோடு நிற்காமல் கையிருப்பில் இருந்த இருநூறு வார்ப்புகளையும் திங்கள்கிழமை உருக்கிவிட்டு, அச்சுத் தெளிப்பையே மாற்றிப் புதிதாக வார்க்கலாம் என்றும் முடிவு செய்தான். இருநூறும் சம்பந்தியின் பல நாள் உழைப்பு. அதைக் கேட்டபோது அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளும் மனுஷிதானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவளுடைய கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலை இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை. நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீட்டுத் துணி துவைப்பது அவர் பொறுப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட மாதிரி கையாலேயே மடித்து அடுக்குவார். அன்றும் அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எதையோ நினைத்துக்கொண்டு கையை வீசியதில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்த அடுக்கிலிருந்து மேலாக இருந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்துத் தண்ணீர் மேல் போட்டாள்.

துணி தண்ணீரைக் குடிக்கவில்லை. ஈரம் ஏற வேண்டிய இடத்தில் தண்ணீர் துணியைத் தள்ளிக்கொண்டு மேசை ஓரத்துக்கு ஓடியது. துணியின் மேல் தெறித்த சொட்டுகள் முத்து முத்தாக உருண்டு நின்றன.

ஆறு வருஷமாகத் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள் அவள். நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்றாள்.

“என்னங்க! இந்தத் துணிய என்ன பண்ணீங்க?”

“எந்தத் துணி? உன் பட்டறைத் துணியா? துவைச்சேன்.”

“துவைச்சுட்டு?”

அவர் முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு வந்தது. “துவைச்சுட்டு, துணிய மெத்துன்னு ஆக்கறதுக்குன்னு ஒரு மருந்து விக்கறாங்க இல்ல, நீலக் கலர் பாட்டில், அதக் கடைசித் தண்ணில ஒரு மூடி ஊத்தி அலசினேன். நல்லா பஞ்சு மாதிரி இருக்குல்ல? ரெண்டு வாரமா போடறேன். நீ ஒரு வார்த்தை சொல்லலியேன்னு எனக்குக்கூட வருத்தம்தான்.”

ரெண்டு வாரம். பட்டறையில் துடைக்கிற துணிச் சுருள் தீர்ந்து, புதுசு வந்து சேராமல் போய் ரெண்டு வாரம்தான் ஆகிறது. கடையில் வாங்கும் துணியை நம்பாமல், வீட்டிலிருந்த பழைய வெள்ளைப் பருத்தி விரிப்புகளைக் கிழித்துக் கொண்டுபோனது அவள். வீட்டில் துவைத்தால்தான் சுத்தம் என்று தினமும் சுமந்து வந்ததும் அவள். அடுப்புப் பெட்டியில் எப்போதும் வார்ப்புகள் வியர்த்துக்கொண்டிருந்ததால், உலர்த்த இடமில்லாமல், தண்ணீர்ப் பரீட்சை முடிந்த வார்ப்பை இந்தத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே பசை தடவிக்கொண்டிருந்தாள். பரீட்சையில் தேறிய வார்ப்பின் மேல், தேறின பிறகு, தன் கையாலேயே வழுக்குகிற மருந்தைப் பூசியிருக்கிறாள். அந்தத் துணியை அவள் ஒரு நாளும் பரீட்சை பார்க்கவில்லை. வீட்டுத் துணியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

“எதுக்குங்க இத ஊத்தினீங்க?” என்றாள். குரலில் கோபம் இருந்தது, ஆனால் அதற்குப் போக இடம் இல்லை.

“உன் கையப் பாத்தேன். உள்ளங்கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நாள் பூரா அந்தத் துணியப் பிடிச்சுத் தேய்க்கறியே, துணியாவது மெத்துன்னு இருக்கட்டுமேன்னுதான்.”

“நான் கையுறை போட்டுக்கிட்டுதான வேலை செய்யறேன்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷத்துல ஒரு நாளாவது உன் ரூமுக்குள்ள என்ன விட்டிருக்கியா? போன தடவ சாப்பாடு கொண்டாந்தப்பகூட வாசல்லயே நிக்க வச்சே.”

அக்கா துணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. “அய்யய்யோ, உன் வேலைக்கே உலை வச்சுட்டேனா?” என்று துணி அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் எத்தனை சொல்லியும் அவர் தேறவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு முறை உப்புப் போட்டார்.

அவள் பேசாமல் இருந்துவிட்டுத் துணியை மட்டும் மாற்றியிருக்கலாம். இணைப்பு தேறியிருக்கும், பெயரும் கெட்டிருக்காது, யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த யோசனை அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, அரைமணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தது. ஆனால் திங்கள்கிழமை காலையில் இருநூறு வார்ப்பு உலைக்குப் போகிறது. கிடங்கில் இந்த ரெண்டு வாரத்தில் ஒட்டிய பதினோரு சட்டங்கள் நின்றுகொண்டிருக்கின்றன, அவற்றின் மேல் நாளைக்கு யாரோ படுப்பார்கள். மருத்துவமனையில் ஒன்பது வருஷம் இருந்தவளுக்கு அந்த யாரோவின் முகம் நன்றாகவே தெரியும்.

காலையில் முதல் ஆளாகப் போய் இன்ஜினியர் தம்பியிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. ஒரு வார்ப்பை அந்தத் துணியால் துடைத்தும், இன்னொன்றைத் துணி படாமல் அடுப்பில் உலர்த்தியும் ஒட்டினார்கள். மறுநாள் இழுத்தபோது முதலாவது எழுநூறில் வழுக்கியது. இரண்டாவது மூன்று டன்னுக்கு மேலே போய், பசை நடுவில் கிழிந்தது. முளையில் பாதி, குழாயில் பாதி. இன்ஜினியர் தம்பி அதை எடுத்து வைத்துக்கொண்டு, தேர்வில் தேறின பிள்ளை மாதிரி சிரித்தான். பதினோரு சட்டங்களையும் பிரித்துப் போட அக்காவே கூட நின்றாள்.

ஆனால் அதற்கு முன்னால், திங்கள்கிழமையே, இருநூறு வார்ப்பும் உலை வாசலில் குவிந்திருந்த நேரத்தில், அவள் இன்னொரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. கொட்டகைக்குப் போனாள். உலைக்குக் காற்றடிக்கிற விசிறி ஓவென்று இரைந்துகொண்டிருந்தது. சம்பந்தி அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உலையைக் கிளறினார்.

“சம்பந்தி, அத உருக்காதீங்க. தப்பு உங்க மேல இல்ல.”

“என்ன சொன்னீங்க? சத்தத்துல காது கேக்கல.”

“தப்பு உங்க மேல இல்லன்னேன்!”

“இல்லயா? அப்ப யாரு மேல?” காதில் கை வைத்துக் குனிந்தார். கேட்டுவிட்டது என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, “என் மேலதான் தப்பு! என் வீட்டுத் துணிலதான் கோளாறு! நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்குங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். ‘என் வீட்டுத் துணி’ என்று அவள் சொல்லும்போதே அவர் கை விசிறியின் சுவிட்சுக்குப் போய்விட்டது. மீதி அத்தனையும் நிசப்தமான கொட்டகையில் கணீரென்று விழுந்தது. ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குக் கேட்ட அதே ஆறு பேர்.

“இப்ப நல்லாக் கேட்டுச்சு சம்பந்தி” என்றார். பிறகு முழு விவரத்தையும் கேட்டார். நீலக் கலர் பாட்டில் வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. “பொண்டாட்டி கைக்காகத் துணிக்கு மருந்து போட்டாரா? இந்த மனுஷனப் பாத்து நாங்கல்லாம் கத்துக்கணும்” என்றார். ஆட்களைக் கூப்பிட்டு இருநூறு வார்ப்பையும் திரும்ப அடுக்கச் சொன்னார். அன்று ராத்திரி மகள் போனில், “மாமா ரெண்டு தட்டு சாப்பிட்டாரு” என்றாள்.

பத்தாவது நாள் அதிகாரி அம்மாள் வந்தார். தொடாதே அக்கா முந்தின நாளே ஐந்து இணைப்புகளையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒட்டி முடித்திருந்தாள். கடைசியில் துணி என்ற பேச்சே கிடையாது, நேராக அடுப்பில் உலர்த்தல், நேராகப் பசை. அவள் கணவர் காலை நடைகளை முடித்துவிட்டு வேனோடு பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றார். “என் ராசி சரியில்ல, நான் இங்கயே நிக்கறேன்” என்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சில நாளிலேயே மனுஷர் பாதியாக இளைத்திருந்தார்.

முதல் இணைப்பு. முள் ஆயிரத்தைத் தாண்டியது, ஆயிரத்தைந்நூறைத் தாண்டியது, இரண்டாயிரத்தையும் தாண்டியது. அக்கா மூச்சு விடவே இல்லை. மூவாயிரத்து நூறில் ‘சர்ர்’ என்று பசை கிழிந்தது. அதிகாரி அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்து, தலையசைத்து எழுதிக்கொண்டார். இரண்டாவது மூவாயிரம். மூன்றாவது மூவாயிரத்து இருநூறு. நான்காவதும் அப்படியே. முதலாளி இப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சம்பந்தியும் உலையை விட்டுவிட்டு வந்து வாசல் ஓரம் நின்றிருந்தார்.

ஐந்தாவது மூவாயிரத்து இருநூறைத் தாண்டியும் அசையவில்லை. மூவாயிரத்து ஐந்நூறு. இயந்திரம் முனகியது. மூவாயிரத்து எழுநூறு. திடீரென்று வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம், எல்லோரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். அதிகாரி அம்மாள்தான் முதலில் கிட்டப் போய்ப் பார்த்தார். முளை குழாய்க்குள்ளேயே இருந்தது, ஒரு மயிரிழைகூட நகரவில்லை. உடைந்திருந்தது வார்ப்பு. இயந்திரத்தில் மாட்டுகிற காது இரண்டாகப் போயிருந்தது.

எல்லோரும் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வந்து உடைந்த துண்டை எடுத்தார், உடைந்த முகத்தை விரலால் தடவினார், துளை ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நல்ல வார்ப்பு, நல்லபடியாகத்தான் உடைந்திருந்தது. “கேட்டதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தாங்கிட்டுத்தான் போயிருக்கு மேடம்” என்றார் மெல்ல. “தெரியுது, அஞ்சும் பாஸ்” என்று சிரித்தார் அதிகாரி அம்மாள். சம்பந்தி அக்கா பக்கம் திரும்பினார். “என் வார்ப்பு ஒடஞ்சு நான் சந்தோஷப்படறது இதான் முதல் தடவ சம்பந்தி” என்றார். முதலாளி கை தட்டினார். இன்ஜினியர் தம்பி விசில் அடித்தேவிட்டான்.

அக்காவுக்கு அவர்கள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. அறை நிலைத்தது, அவளும் நிலைத்தாள். உடைந்த இணைப்பைக் குழாயோடு அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

கணவர் வேன் கதவை விடாமல் நின்றுகொண்டிருந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஒடஞ்சிடுச்சா?”

“ஒடஞ்சிடுச்சுங்க.”

“அய்யோ! எல்லாம் என்னாலதான்...”

“கண்ணத் தொறந்து பாருங்களேன். ஒடஞ்சது சம்பந்தியோட வார்ப்பு. நாம ஒட்டினது அப்படியே இருக்கு.”

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முளையும் குழாயும் சேர்கிற இடத்தில் பயந்து பயந்து ஒரு விரலை வைத்தார். அவள் ‘தொடாதே’ என்று கத்தாததால் இன்னொரு விரலையும் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, முகம் சிவக்கும்வரை பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார்.